சால்டர்: ஒரு சொல்லும் அதற்குள் இருக்கும் உலோகமும்

அமெரிக்கர் ஒருவர் மின்சுற்றுப் பலகையைப் பழுதுபார்க்கும் காணொளியைப் பார்த்தால், அவர் ‘சாடரிங்’ என்று சொல்வது காதில் விழும். எளிதில் உருகும் ஓர் உலோகத்தை இடையே உருக்கி விட்டு, கம்பியையும் செம்பையும் சேர்க்கும் வேலை அது. நம் ஊர் டிவி ரிப்பேர் கடையில் அதே வேலைக்குப் பெயர் ‘சால்டரிங்’. எழுதும்போது இரண்டிலும் ‘ல்’ உண்டு. பேசும்போது ஒரு நாடு அதை விழுங்குகிறது, இன்னொரு நாடு உச்சரிக்கிறது. இதில் தவறு செய்தவர் யாரும் இல்லை. அந்த ‘ல்’ முதலில் இருந்தது, பிறகு தொலைந்தது, பல நூறு ஆண்டு கழித்து எழுத்து வழியாகத் திரும்பி வந்தது.

இலத்தீனில் ‘சொலிதுஸ்’ என்றால் திடமானது, முழுமையானது. அதிலிருந்து வந்த வினை ‘சொலிதாரே’, திடப்படுத்துதல். பழைய பிரெஞ்சில் மெய்யெழுத்துக்கு முன்னால் நின்ற ‘ல்’ மெல்ல மெல்ல ‘உ’ ஓசையாகக் கரைந்துபோனது. அந்தக் கரைசலில் ‘சொலிதாரே’ சுருங்கி ‘சூதே’ ஆனது. ஆங்கிலேயர்கள் 14-ஆம் நூற்றாண்டில் கடன் வாங்கியது இந்த ‘ல்’ இல்லாத வடிவத்தைத்தான். பின்னாளில் இலத்தீன் படித்தவர்கள், மூலச்சொல்லில் ‘ல்’ இருக்கிறதே என்று எழுத்துக்கூட்டலில் அதைத் திரும்பச் செருகினார்கள். ‘ஃபால்ட்’ என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்தது; அங்கே எழுத்தைப் பார்த்துப் பேச்சும் மாறிவிட்டது. ‘சாமன்’ மீனின் பெயரிலும் ‘ல்’ செருகப்பட்டது. அதை இன்றுவரை யாரும் உச்சரிப்பதில்லை. சால்டர் இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டது. பிரிட்டனில் ‘ல்’ பேச்சுக்குள் ஏறியது, அமெரிக்காவில் பழைய ஒலியே தங்கியது. நமக்கு வந்தது பிரிட்டன் வழி.

ஒலியைவிடப் பொருள்தான் கவனிக்க வேண்டியது. இந்தச் சொல்லின் வேரில் இணைத்தல் என்ற எண்ணமே இல்லை. திடப்படுத்துதல், முழுமையாக்குதல் என்பதே இருக்கிறது. கிரேக்கர்கள் இதே வேலையை வேறு விதமாகப் பார்த்தார்கள். பொன்னைப் பொன்னோடு பொருத்தப் பயன்பட்ட செம்புத் தாதுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிரிசோகொல்லா’, அதாவது பொன்பசை. ஜெர்மானியர்கள் பொருளை வைத்துப் பெயரிட்டார்கள். அவர்களின் ‘லோட்’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் காரீயம். ஒரே வேலையில் ஒருவர் பசையைப் பார்த்தார், ஒருவர் ஈயத்தைப் பார்த்தார், இலத்தீன்காரர் முடிவில் கிடைக்கும் திடத்தைப் பார்த்தார். உலோகவியல் இவர்களில் யாரை ஆதரிக்கிறது என்பதைச் சற்றுப் பின்னால் பார்க்கலாம்.

‘சொலிதாரே’ என்ற வினை ஈயப் பற்றவைப்புக்கே பயன்பட்டதற்கு நல்ல சான்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியிடம் இருக்கிறது. கி.பி. 77 வாக்கில் முடிந்த அவரது ‘இயற்கை வரலாறு’ நூலின் 34-ஆம் புத்தகம் ஈயங்களைப் பற்றிப் பேசுகிறது. ரோமானியர்கள் வெள்ளீயத்தை வெள்ளைப் பிளம்பம் என்றும் காரீயத்தைக் கறுப்புப் பிளம்பம் என்றும் அழைத்தார்கள். தமிழும் ஈயம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் வெள்ளையும் கருமையும் சேர்த்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகத்துக்கு ‘தெர்த்தியாரியம்’, மூன்றிலொன்று என்று பெயர் சொல்லிவிட்டு, இதைக் கொண்டு குழாய்கள் திடப்படுத்தப்படுகின்றன என்கிறார் பிளினி. அந்த இடத்தில் அவர் கையாளும் வினை ‘சொலிதாரே’யேதான்.

அந்த விகிதம் தற்செயலானது அல்ல. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-இல். இரண்டையும் கலந்தால் உருகுநிலை தனித்தனி உலோகங்களைவிடக் கீழே இறங்குகிறது. எடையில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேரும்போது 183 டிகிரி என்ற அடிமட்டத்தைத் தொடுகிறது. அந்தக் கலவை மட்டும் ஒரே வெப்பநிலையில் சட்டென்று திரவமாகும், சட்டென்று உறையும். மற்ற விகிதங்களில் இடையே ஒரு கூழ்நிலை உண்டு. பிளினி சொன்ன கலவையில் வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்குதான். அது 183 டிகிரியில் இளகத் தொடங்கி ஏறக்குறைய 250-இல்தான் முழுத் திரவமாகும். இந்த 65, 70 டிகிரி இடைவெளிதான் குழாய்க்காரருக்கு வேண்டும். ஈயக் குழாய்களின் இணைப்பில் உருகிய கலவையை ஊற்றி, கொழுப்புத் தடவிய தடித்த துணியால் துடைத்துத் துடைத்துக் குமிழ் வடிவம் கொடுப்பார்கள். கலவை கூழாக இருக்கும் வரைதான் அதைச் செய்ய முடியும். ஐரோப்பியப் பிளம்பர்கள் 20-ஆம் நூற்றாண்டு வரை இந்த வேலைக்கு வைத்திருந்த கலவை ஏறத்தாழ இதே மூன்றிலொன்றுதான். மின்னணு வேலைக்குத் தேவை நேர் எதிரானது. ஊசி முனையளவு இணைப்பு உறையும்போது கூழாக நின்றால் சிறு அசைவிலும் உள்ளே விரிசல் விழும். அதனால்தான் அங்கே 63/37, அல்லது அதற்கு மிக அருகில் இருக்கும் 60/40.

ஒட்டுதல் வேறு, ஒன்றாதல் வேறு என்ற வித்தியாசம் ரோமானியர்களுக்கு வெறும் பட்டறைச் சங்கதி அல்ல, சட்டச் சிக்கலாகவும் இருந்தது. கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் பவுலுஸ் என்ற சட்ட அறிஞரின் கருத்து ஒன்று இடம்பெறுகிறது. ஒருவருடைய சிலையில் இன்னொருவருக்குச் சொந்தமான கையைப் பொருத்திவிட்டால் அந்தக் கை யாருக்குச் சொந்தம்? அதே உலோகத்தைக் கொண்டு உருக்கிச் சேர்த்திருந்தால் இரண்டும் ஒன்றாகிவிட்டன; கை சிலையின் சொந்தக்காரருக்குப் போகும், பிறகு உடைந்து விழுந்தாலும் பழைய உடைமையாளருக்குத் திரும்பாது. ஈயம் வைத்துச் சேர்த்திருந்தால் அப்படி இல்லை. கை தன் தனித்தன்மையை இழக்கவில்லை, பிரித்துத் தரும்படி அதன் சொந்தக்காரர் வழக்குப் போடலாம். இன்றைய பொறியியல் பாடத்தில் வெல்டிங்குக்கும் சால்டரிங்குக்கும் சொல்லப்படும் முதல் வேறுபாடு இதுவே. ஒன்றில் தாய் உலோகமே, அதாவது இணைக்கப்படும் துண்டுகளே உருகுகின்றன, மற்றதில் தாய் உலோகம் திடமாகவே இருக்க, இடையில் வைத்த உலோகம் மட்டும் உருகுகிறது.

ஆங்கிலச் சொற்களும் அந்த வேறுபாட்டைத் தங்கள் வேர்களில் வைத்திருக்கின்றன. ‘வெல்ட்’ என்பது கொதித்தல், பொங்குதல் என்ற பொருளுடைய ‘வெல்’ என்னும் பழைய வினையிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிந்தது. உலோகமே பொங்கி ஒன்றாகும் வேலைக்கு அது பொருத்தமான பெயர். ‘பிரேஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேரில் இருப்பது தணல். இடையுலோகம் 450 டிகிரிக்குக் கீழே உருகினால் சால்டரிங், மேலே உருகினால் பிரேசிங் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. இரண்டிலும் தாய் உலோகம் உருகாது. பிரெஞ்சுக்காரர்களிடம் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. அவர்களின் ‘சூதே’ இன்று வெல்டிங்கையும் குறிக்கிறது, சால்டரிங்கையும் குறிக்கிறது. பிரெஞ்சிலிருந்து இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் வெப்பநிலையைப் பார்க்காமல் அந்தச் சொல்லைத் தொடக்கூடாது.

சொல்லின் உறவுகள் வேறு திசையிலும் போயிருக்கின்றன. பேரரசர் கான்ஸ்டன்டைன் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட, சுமார் நாலரை கிராம் எடையுள்ள பொற்காசின் பெயர் ‘சொலிதுஸ்’. நம்பி வாங்கலாம், திடமானது என்பது பொருள். அந்தக் காசைக் கூலியாக வாங்கிப் போருக்குப் போனவர் ‘சோல்ஜர்’. அதாவது சால்டரும் சோல்ஜரும் ஒரே தாய்வழி. இத்தாலியர்கள் இதே வினையைக் கணக்கை அடைப்பதற்கும் வைத்துக்கொண்டார்கள். அவர்களின் ‘சல்தோ’ என்றால் கணக்கில் நிற்கும் இருப்பு.

இனி உலோகவியல். உருகிய சால்டர் செம்பின்மேல் பட்டதும் பசையைப் போல உறைந்து பிடித்துக்கொள்வதில்லை. அதிலுள்ள வெள்ளீயம் செம்போடு வினைபுரிந்து, ஆறு செம்பணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்ற கணக்கில் ஒரு புதிய சேர்மத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிமன்தான் இருக்கும், ஆனால் இணைப்பே அதுதான். படலம் உருவாகாவிட்டால் சால்டர் செம்பின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அளவுக்கு மீறித் தடித்தால் நொறுங்கும், ஏனென்றால் அந்தச் சேர்மம் இயல்பிலேயே உடையும் தன்மையுள்ளது. ஆக, இது பசை அல்ல. இரண்டு உலோகங்களின் எல்லையில் மூன்றாவதாக ஒரு திடம் பிறக்கிறது. கிரேக்கரின் பசையைவிட ரோமானியரின் திடப்படுத்துதல் உண்மைக்கு நெருக்கமானது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தப் படலம் உருவாகத் தடையாக இருப்பது ஆக்சைடு. காற்றில் இருக்கும் எந்தச் செம்பின்மேலும் அது உண்டு, சூடேற்றினால் இன்னும் வேகமாக வளரும். ஃப்ளக்ஸின் வேலை அதைக் கரைத்து அகற்றுவதும், சால்டர் பாயும் வரை காற்றை மறைத்து வைப்பதும்தான். மின்னணு வேலைக்கு பைன் மரப் பிசினான ரோசின். தகர வேலைக்குத் துத்தநாக குளோரைடு. பொன் வெள்ளி வேலைக்கு வெங்காரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவிப் புகை கிளம்பத் துணியால் தேய்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். நவச்சாரம் ஆக்சைடைத் தின்ற இடத்தில் மட்டும் வெள்ளீயம் பளபளவென்று பரவும். தகர வேலைக்கான அமில ஃப்ளக்ஸை மின்சுற்றுப் பலகையில் வைத்தால் வேலை உடனே அழகாக முடியும். மிச்சம் நின்ற உப்பு ஈரத்தை இழுத்து, சில மாதங்களில் செம்புக் கோட்டை அரித்துவிடும். சாதாரண ஃப்ளக்ஸால் அலுமினியத்தில் சால்டர் பிடிக்காததற்கும் ஆக்சைடுதான் காரணம். அதன் ஆக்சைடு மிக உறுதியானது, துடைத்த கணமே மீண்டும் உருவாகும்.

பலகையில் ஒரு பாகத்தின் காலை, அதாவது அதன் கம்பி முனையை இணைக்கும் வேலை மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். 60/40 கம்பிக்கு அயனின், அதாவது சூடேறும் சால்டரிங் கோலின் நுனி 340 முதல் 360 டிகிரி, கம்பியின் தடிமன் 0.8 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். உருகுநிலை 183-ஆக இருக்கும்போது இத்தனை சூடு எதற்கு என்று தோன்றலாம். நுனியிலிருந்து வெப்பம் வேகமாக இறங்கினால்தான் ஃப்ளக்ஸ் கருகுவதற்குள் வேலை முடியும். முதலில் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, துளி சால்டரால் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த நுனி வெப்பத்தைக் கடத்தாது. நுனி பலகையின் செம்பு வட்டத்தையும் பாகத்தின் காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு நொடி கழித்து, சால்டர் கம்பியை நுனியில் அல்ல, எதிர்ப்பக்கத்தில் காலின்மேல் வைக்க வேண்டும். சூடேறிய உலோகம் தானே அதை உருக்கி இழுத்துக்கொள்ளும். கம்பியை முதலில் எடுத்து, பிறகு அயனை எடுத்து, உறையும் வரை எதையும் அசைக்காமல் விட வேண்டும். சரியாக வந்த இணைப்பு எரிமலைச் சரிவு போல உட்குழிந்து காலைச் சுற்றி ஏறி நிற்கும்.

இதில் மிகப் பெரிய தவறு, சால்டரை அயனின் நுனியில் உருக்கி எடுத்துக்கொண்டுபோய் இணைப்பில் அப்புவது. கம்பியின் நடுவே குழலாக ஓடும் ஃப்ளக்ஸ், எடையில் சில சதவீதமே உள்ளது, வழியிலேயே புகைந்து போய்விடும். வந்து சேர்வது வெறும் உலோகம். அது கீழே உள்ள ஆக்சைடின்மேல் உருண்டையாக நிற்கும். மீட்டரில் வைத்தால் தொடர்பு காட்டும், பலகையைத் தட்டினால் போய்விடும். கடைகளில் ‘டிரை சால்டர்’ என்று சொல்வது இதையும்தான், இன்னொன்றையும்தான். முதலில் நன்றாக இருந்த இணைப்பும், தினமும் சூடாகி ஆறி, விரிந்து சுருங்கி, காலைச் சுற்றி வளையம்போல் விரிசல் விடும். பழைய படக்குழாய் டிவிகளில் கனமான, சூடாகும் பாகங்களின் கால்களில் இது மிகச் சாதாரணம். அங்கே பழைய சால்டரை மறுபடி சூடு காட்டி உருக்குவது மட்டும் போதாது. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃப்ளக்ஸோடு புதுசு வைக்க வேண்டும். எதிர்த் தவறும் உண்டு. பத்து நொடி அயனை அழுத்திப் பிடித்தால் செம்பு வட்டத்தைப் பலகையோடு பிடித்திருக்கும் பிசின் இளகி, வட்டமே உரிந்து வரும்.

காரீயத்தைப் பற்றி ஒரு தெளிவு தேவை. 350 டிகிரியில் காரீயம் கணிசமாக ஆவியாவதில்லை. எழும் புகை ரோசினுடையது. அது தொடர்ந்து மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஆகவே புகையை இழுக்கும் விசிறி தேவை. காரீயம் உடலுக்குள் போகும் வழி விரல்கள். வேலை முடிந்து கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. குடிநீர்க் குழாய்களில் காரீய சால்டரை அமெரிக்கா 1986-இல் சட்டத்தால் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடுத்தது. அதன்பின் பரவிய கலவையில் வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம். அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், இணைப்பு இயல்பாகவே மங்கலாகத் தெரியும். பளபளப்பு இல்லை என்பதற்காகப் பழைய கண்ணோடு அதை டிரை சால்டர் என்று தீர்ப்பளிக்கக் கூடாது; பார்க்க வேண்டியது வடிவத்தை.

இந்த வேலைக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ‘பற்றாசு’ என்பது பழஞ்சொல். உலோகத்துக்கு உலோகம் பொருத்த இடையே இடும் பொருள் அது, சுருக்கமாக ‘ஆசு’. யாப்பிலக்கணம் இந்தப் பட்டறைச் சொல்லை எடுத்துச் செய்யுளுக்குள் வைத்திருக்கிறது. இரண்டு குறட்பாக்களை ஒரு தனிச்சொல்லால் சேர்த்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, முதற்குறளின் கடைசிச் சீருக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை பொருந்தாமல் நிற்கும். அந்த இடத்தில் ஓரசையோ இரண்டசையோ கூட்டிச் சரிசெய்தால் அது ஆசிடை நேரிசை வெண்பா. இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே பற்றாசு இடுவதுபோல என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். குறட்பாக்கள் உருகவில்லை, மாறவில்லை. இடையில் வைத்த சிறு துண்டுதான் வேலை செய்கிறது. ஈயம் வைத்துப் பொருத்திய சிலைக் கைக்கு ரோமச் சட்டம் சொன்னதும் இதுதான்.

பொற்கொல்லர் பற்றாசைப் ‘பொடி’ என்பார். இணையும் முகங்களை இடையே வெளிச்சம் தெரியாதபடி அரம் போட்டுப் பொருத்தி, நீரில் இழைத்த வெங்காரம் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் சுடரை வளைத்து ஊதுவார். சுடர் பொடியின்மேல் அல்ல, சுற்றியுள்ள பொன்னின்மேல் படும். சூடு எங்கே அதிகமோ அங்கே பற்றாசு ஓடும். பொடி வைத்து ஊதுவது என்ற வழக்கு பேச்சுக்கும் ஏறி, உள்ளர்த்தம் வைத்துப் பேசுவதற்குப் பெயரானது. ஆங்கிலத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் ‘சாஃப்ட் சாடர்’ என்றால் முகத்துதி. தங்க நகையில் ஈய சால்டர் வைத்துப் பழுதுபார்ப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. அடுத்த முறை நகை சூடு காணும்போது காரீயம் பொன்னுக்குள் இறங்கி, பள்ளம் பள்ளமாகத் தின்றுவிடும்.

நகைக்கடைகளில் பல ஆண்டுகள் ஒலித்த ‘கேடிஎம்’ என்ற பெயரும் பற்றாசின் பெயர்தான். காட்மியம் என்பதன் சுருக்கம். பொன்னில் செம்பும் வெள்ளியும் தாராளமாகக் கலந்த பழைய பொடி, நகையை உருக்கும்போது மாற்றைக் குறைத்தது. காட்மியம் கொஞ்சம் சேர்த்தாலே பொன்னின் உருகுநிலை போதிய அளவு இறங்கியதால், பொடியிலேயே பொன்னின் பங்கை 92 சதவீதம் வரை வைத்துக்கொள்ள முடிந்தது. 767 டிகிரியில் காட்மியம் கொதித்து ஆவியாகும், பொன் உருகுவதோ 1064-இல். ஊதுகிறவரின் நுரையீரலுக்குள் போனது அந்த ஆவி. அதனால்தான் காட்மியம் கைவிடப்பட்டு, துத்தநாகம் முதலியவை கலந்த பொடிகள் வந்தன. கேடிஎம் என்பதைத் தங்கத்தின் ஒரு தரம் என்றே வாங்கியவர்கள் பலர் நினைத்திருந்தார்கள். அது நகையின் இணைப்பைப் பற்றிய சொல்.

இன்று நம் தொழிற்கல்வியில் ‘பற்றவைப்பு’ வெல்டிங்குக்கு நிலைத்துவிட்டது, சால்டரிங்குக்கும் அதையே எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் குழப்பத்தை நாமும் விலைக்கு வாங்கியதுபோல் ஆயிற்று. ‘கம்பியைப் பலகையோடு பற்றவைக்கவும்’ என்று ஒரு பாடநூல் சொன்னால், தாய் உலோகம் உருகுமா உருகாதா என்று மாணவருக்குத் தெரிய வழியில்லை. வெல்டிங்குக்குப் பற்றவைப்பு இருக்கட்டும். இடையுலோகம் மட்டும் உருகும் வேலைக்குப் பற்றாசு வைத்தல் என்றே எழுதலாம்: 450 டிகிரிக்குக் கீழே மென்பற்றாசு, மேலே வன்பற்றாசு.